புளியமரத்தைச் சுற்றியவர்

போளூரில் போய் சக்கரவர்த்தி சார் வீடு எது என்று கேட்டால் கொஞ்சம் யோசிப்பார்கள். பூச்சி வாத்தியார் வீடு என்று கேட்டால் வாசல்வரை கொண்டுவந்து விட்டுவிட்டுப் போவார்கள். பெயர்தான் சக்கரவர்த்தி. அவர் ஆண்டதெல்லாம் ரயிலடிக்குப் போகும் தெருவில் ஒரு வாடகை வீடு, கேரியர் ஆடுகிற ஒரு சைக்கிள், ஒன்பதாம் வகுப்புக்கு விஞ்ஞானப் பாடம், அவ்வளவுதான். எமர்ஜென்சி முடிந்த மறு வருஷம் அவருக்கு நாற்பது வயது பிறந்தது. அந்த வருஷம்தான் அவர் மனைவி சாந்தம்மாள் செங்கத்தில் இருக்கும் தன் அம்மா வீட்டுக்குப் போய், திரும்பி வராமல் இருந்துவிட்டாள்.

ஊர் எதிர்பார்த்த மாதிரி பெரிய ரகளை ஒன்றும் நடக்கவில்லை. அடி உதை இல்லை, குடி இல்லை, இன்னொருத்தி இல்லை. மனுஷர் வாய் செத்தவர். அதுவும் சும்மா வாய் செத்தவர் இல்லை, பேச்சு வருகிற வாடை அடித்தாலே இடத்தைக் காலி செய்கிறவர். சாந்தம்மாள் கூடத்துக்கு வந்தால் அவர் தாழ்வாரத்துக்குப் போவார். அவள் தாழ்வாரத்துக்கு வந்தால் அவர் கிணற்றடிக்குப் போவார். கிளம்பிய அன்றைக்குக் கையில் பெட்டியோடு நின்று அவள் சொன்னாள்:

"உங்ககூட சண்ட போடலாம்னாகூட ஆள் கெடைக்கல. நான் வாயத் தொறக்கறதுக்குள்ள அந்தப் பக்கம் போய்ட்றீங்க. சுவத்துகூட குடித்தனம் பண்றதுக்கு எங்கம்மா வூட்லயே நல்ல சுவரு கீது."

அவர் பெட்டியைச் சைக்கிளில் வைத்து பஸ் ஸ்டாண்டு வரைக்கும் தள்ளிக்கொண்டு போய் ஏற்றிவிட்டார். பஸ் நகரும்போதாவது 'போகாதே' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாயில் கொழுக்கட்டையா இருந்தது? ஜன்னலில் தெரிந்த அவள் முழங்கையையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, பஸ் போன பிறகு வீட்டுக்கு வந்து, ஒருத்தருக்கு எவ்வளவு அரிசி போடுவது என்று தெரியாமல் பானை நிறைய சோறு வடித்தார்.

பூச்சிமேல் அவருக்கு எப்போதும் ஒரு கிறுக்கு உண்டு. இப்போது ஞாயிற்றுக்கிழமைகள் முழுக்க அதற்கென்றே ஆகிவிட்டன. அதிலும் அவர் பார்த்தது கும்பிடுபூச்சி ஒன்றைத்தான்.

கும்பிடுபூச்சி என்று நாம் பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். தயிர்க்கடைப் பூச்சி என்றும் சொல்வார்கள். முன்னங்கால் இரண்டையும் நெஞ்சுக்கு நேரே மடக்கி வைத்துக்கொண்டு பரம பக்தன் மாதிரி உட்கார்ந்திருக்கும். பக்தியும் இல்லை, பஜனையும் இல்லை. பக்கத்தில் வருகிற ஈயைப் பாய்ந்து பிடிப்பதற்குத்தான் அந்தக் கை. அதில் எத்தனையோ வகை இருக்கிறது. செடியில் வாழ்வது இலையைப்போலப் பச்சையாக இருக்கும். புல்லில் வாழ்வது துரும்பு மாதிரி மெலிந்து நீண்டிருக்கும். காய்ந்த முள்புதரில் இருப்பதற்குக் குச்சிக் கழுத்து, சருகு உடம்பு. வெறும் தரையில் ஓடுவது செம்மண் பொடியில் பிசைந்து வைத்த மாதிரி இருக்கும். பூவில் காத்திருக்கிற வகைக்குப் பூவின் நிறமே வந்துவிடும். எந்தப் பூச்சி எங்கே வாழ்கிறது என்று பார்த்தாலே பாதி அடையாளம் தெரிந்துவிடும் என்று சார் வகுப்பில் சொல்வார். வகுப்பில் மட்டும் அவருக்கு வாய் இருந்தது. ஆசிரியர்கள் அறையில் ஒரு தரம் இதை ஆசையாகச் சொல்லப்போய், "சம்சாரத்த உட்டுட்டுப் பூச்சிகூட குடும்பம் நடத்தறாரு" என்று ஒருத்தர் சொல்ல எல்லாரும் சிரித்துவிட்டார்கள். அதற்குப் பிறகு பெரியவர்கள் யாரிடமும் அவர் பூச்சியைப் பற்றிப் பேசியதில்லை.

மரப்பட்டையில் வாழ்கிற வகை ஒன்று உண்டு. சப்பையாக, சாம்பலும் பழுப்புமாக, பட்டையோடு பட்டையாக ஒட்டிக்கொண்டிருக்கும். ஆறடி தூரத்தில் நின்று மணிக்கணக்காகப் பார்த்தாலும் கண்ணுக்குத் தெரியாது. அதை அவர் கண்டுபிடித்தது ஜவ்வாது மலைமேல், கொல்லைமேடு என்கிற ஒரு சின்ன ஊரின் ஓரத்தில் நின்ற மூன்று கிழட்டுப் புளியமரங்களில். போளூரில் காலை பஸ் ஏறி, மலைமேல் இறங்கி, சாமைக் கொல்லைகளுக்கு நடுவே ஒற்றையடிப் பாதையில் நடந்தால் அந்த மரங்கள் வரும்.

பிடித்த பூச்சிகளைப் பெட்டியில் குத்தி எடுத்துக்கொண்டு மெட்ராஸில் பூச்சி ஆராய்ச்சி செய்யும் ஒரு புரொபசரைப் போய்ப் பார்த்தார். அவர் லென்ஸை வைத்து வெகுநேரம் பார்த்தார். பட்டையில் வாழ்கிற கும்பிடுபூச்சிகள் எல்லாம் ஒரே குடும்பமா, அல்லது வேறு வேறு குடும்பத்தில் பிறந்தவை பட்டையிலேயே வாழ்ந்து வாழ்ந்து ஒரே சாயலுக்கு வந்துவிட்டனவா என்று படித்தவர்களுக்குள்ளேயே தகராறு இருக்கிறது என்றார். ஒரே இடத்தில் இருந்தால் சாயல் வரும், அதனால் உறவாகிவிடாது என்றார். சார் தலையைக் குனிந்துகொண்டு அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"நீங்க கொண்டுவந்தது எல்லாமே பெண் பூச்சி. ஆண் பூச்சி ஒண்ணு வேணும். வயித்து நுனியில இருக்கிற உறுப்பைப் பார்த்தாத்தான் எங்க சேர்க்கறதுன்னு சொல்ல முடியும். அது கிடைச்சா உங்க மலைப் பூச்சிக்கு ஒரு இடம் கிடைக்கும்."

அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டார் சார். தனக்கு இனி இந்த உலகத்தில் கிடைக்கப்போகிற நல்லது ஏதாவது உண்டென்றால் அது அந்த ஆண் பூச்சிதான் என்று நினைத்தார். வேறு எதையும் எதிர்பார்க்க அவருக்குத் தைரியம் இல்லை.

அந்தப் பூச்சியைப் பிடிப்பது லேசான காரியம் இல்லை. ஆள் கிட்டே வந்தால் அது பறக்காது, குதிக்காது. மரத்தின் மறுபக்கத்துக்கு நழுவிவிடும். நாம் அந்தப் பக்கம் போனால் அது இந்தப் பக்கம் வந்துவிடும். வலமாகப் போனால் அது இடமாக வரும். அதனால் சார் இரண்டு கையையும் குவித்து நெஞ்சுக்கு நேரே வைத்துக்கொண்டு, கண்ணைப் பட்டையிலிருந்து எடுக்காமல், அடிமேல் அடி வைத்து மரத்தைச் சுற்றுவார். ஒரு மரம் முடிந்தால் அடுத்த மரம். வெயில் ஏறுகிறவரைக்கும் இதேதான்.

தூரத்தில் நின்று பார்க்கிறவர்களுக்கு இது எப்படி இருக்கும் என்று அந்த மனுஷர் ஒரு நாளும் நினைத்துப் பார்க்கவில்லை.

புளியமரங்களுக்குப் பக்கத்துக் கொல்லை அம்மாக்கண்ணுவுடையது. ஐம்பது வயதிருக்கும். புருஷன் செத்துப் பல வருஷம். சாமையும் கேழ்வரகும் போட்டு, புளி உலுக்கி விற்று, கொல்லைக்குள்ளேயே ஒரு குடிசையில் தனியாக இருந்தாள். மலையடியிலிருந்து கீழ்நாட்டு வாத்தியார் ஒருத்தர் ஞாயிறு தவறாமல் வந்து, கை குவித்துக்கொண்டு, வாய் பேசாமல் மரத்தைச் சுற்றுவதை அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒரு நாள் பொறுக்க முடியாமல் கிட்டே வந்து கேட்டாள்.

"சார், இன்னா வேண்டுதலுங்க?"

சார் திடுக்கிட்டுப் போனார். கை குவித்தபடியே இருந்தது. பூச்சி என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் இவளும் சிரிப்பாள் என்று நினைத்தார்.

"ஆமாம்" என்று மட்டும் சொன்னார்.

"யாருக்குங்க? வூட்டுக்காரம்மாவுக்கா?"

அதற்கும் ஆமாம் என்று தலையாட்டிவிட்டு, வழக்கப்படி மரத்தின் அந்தப் பக்கம் போய்விட்டார்.

"ஒடம்பு சரியில்லீங்களா?"

"இல்ல. அவங்க அம்மா வீட்டுக்குப் போயிருக்காங்க." மரத்துக்குப் பின்னாலிருந்து குரல் மட்டும் வந்தது. சாந்தம்மாளைப் பற்றி அவர் இன்னொரு ஆளிடம் சொன்ன முதல் சேதி அது. முகம் தெரியாமல் இருந்ததால் சொல்ல முடிந்ததோ என்னவோ.

அம்மாக்கண்ணு அதற்குமேல் கேட்கவில்லை. ஊருக்குள் போய் இரண்டு பெண்களிடம் சொன்னாள். புளியமரத்தில் முனி இருக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். ஆனால் இந்த மூன்று மரத்தில் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாமல் இருந்திருக்கிறது. படித்தவர், போளூரிலிருந்து பஸ் பிடித்து வருகிறார் என்றால் விஷயம் இல்லாமலா? இடமாக ஒரு தபா, வலமாக ஒரு தபா சுற்றுகிறாரே என்று ஒருத்தி சந்தேகப்பட்டாள். பெரிய வேண்டுதலுக்கு அப்படித்தான் இருக்கும் என்று அம்மாக்கண்ணு தீர்ப்பு சொன்னாள். அதற்குப் பிறகு சார் மரம் சுற்றும்போது யாரும் குறுக்கே வரவில்லை. வெயில் ஏறினதும் அம்மாக்கண்ணு சொம்பில் கூழ் கொண்டுவந்து தள்ளி வைத்துவிட்டுப் போவாள். சார் குடித்துவிட்டுச் சொம்பைக் கழுவிக் கவிழ்த்து வைப்பார். அந்தப் பொய் அவருக்குச் சௌகரியமாக இருந்தது. அதைத் திருத்த வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை.

இப்படியே இரண்டு வருஷம் போனது. பெண் பூச்சி கிடைத்தது, முட்டைக்கூடு கிடைத்தது, குஞ்சு கிடைத்தது. ஆண் மட்டும் கண்ணில் படவில்லை. அடுத்த வருஷம் பள்ளிக்கூடம் திறந்த சமயத்தில் இன்ஸ்பெக்‌ஷன் அது இது என்று சில வாரம் மலைக்குப் போக முடியாமல் போயிற்று. ஆடி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆண் பூச்சிக்கு இறக்கை முதிர்கிற பருவம் இதுதான் என்று கணக்குப் போட்டுக்கொண்டு மதியப் பஸ்ஸில் ஏறினார்.

ஒற்றையடிப் பாதை திரும்பியதும் நின்றுவிட்டார்.

மூன்று மரமும் வெள்ளை வெளேரென்று நின்றன. ஆள் உயரத்துக்குப் பட்டையைச் சுரண்டி வழித்து எடுத்து, சுண்ணாம்பு அடித்து, குறுக்கே செம்மண் கோடு போட்டிருந்தது. பெரிய மரத்துக்கு மஞ்சள் துணி சுற்றி, அடியில் ஒரு கல்லை நட்டு, குங்குமம் வைத்து, அகல் விளக்கு வைத்திருந்தார்கள். வேருக்குப் பக்கத்தில் சுரண்டிய பட்டை குவியலாகக் கிடந்தது. சார் அதன் முன்னால் உட்கார்ந்து, ஒவ்வொரு துண்டாகத் திருப்பிப் பார்த்தார். ஒரு முட்டைக்கூடு நசுங்கிக் கிடந்தது.

"வந்துட்டீங்களா சார்" என்றாள் அம்மாக்கண்ணு பின்னாலிருந்து. முகமெல்லாம் சிரிப்பு. "நீங்க வர்றதுக்குள்ள முடிச்சிடணும்னு ரெண்டு நாளா நானே சொரண்டி வெச்சேன். சுண்ணாம்பு சந்தையிலேர்ந்து தலமேல கொண்டாந்தேன். ஒரு மரத்துக்குத்தான் சொன்னாளுங்க. சார் மூணையும்தானே சுத்தறாரு, ஒண்ணுக்கு மட்டும் பண்ணா மத்த ரெண்டு கோச்சுக்காதான்னு கேட்டேன்."

சாருக்கு 'யார் உன்னைச் செய்யச் சொன்னது' என்று கத்த வேண்டும் போலிருந்தது. அவர் எழுந்து மரத்தின் அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டார். சுண்ணாம்பு அங்கேயும் ஒழுங்காக அடிக்கப்பட்டிருந்தது.

"ஆடி ஞாயிறு. சாயங்காலம் பொங்க வெச்சி வெளக்கேத்தறோம். இருந்துட்டு, பஜனக் கோயில்ல படுத்துக்கினு காலைல போங்க சார்."

திரும்பிப் போக அவருக்குத் தெம்பில்லை. போனால் அந்த வீட்டைத் திறந்து உள்ளே நுழைய வேண்டும். சரி என்று உட்கார்ந்துவிட்டார்.

பொழுது சாய்ந்து, எதிர் மலை கறுக்கிற நேரத்தில், அம்மாக்கண்ணுவும் இன்னும் இரண்டு பெண்களும் பொங்கலை இறக்கி வைத்துவிட்டு, புங்க எண்ணெய் ஊற்றி விளக்குகளை ஏற்றினார்கள். ஒன்று இரண்டாக ஆரம்பித்து மரத்தைச் சுற்றி வட்டமாக வைத்துவிட்டார்கள். வெள்ளை மரம் அந்த வெளிச்சத்தில் பளிச்சென்று நின்றது. கற்பூரம் காட்டிவிட்டுப் பெண்கள் கண்ணை மூடிக் கும்பிட்டார்கள்.

சார் மட்டும் கண்ணை மூடவில்லை. அவர் கண் எதிரே, சுண்ணாம்பின்மேல், ஒரு பூச்சி வந்து உட்கார்ந்தது.

ஒல்லியாக, நீண்ட இறக்கையோடு இருந்தது. விளக்கு வெளிச்சத்துக்குப் பறந்து வந்திருக்கிறது. பட்டையில் உட்கார்ந்திருந்தால் ஜென்மத்துக்கும் கண்ணில் பட்டிருக்காது. வெள்ளைச் சுண்ணாம்பில், ஒளிந்துகொள்ள ஒரு இடுக்குகூட இல்லாமல், கை இரண்டையும் மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அவர் தேடிய ஆண் பூச்சி. இரண்டு வருஷம் காலால் சுற்றிக் கிடைக்காதது, அம்மாக்கண்ணு சுமந்துவந்த சுண்ணாம்பின்மேல் வந்து உட்கார்ந்திருந்தது.

எடுத்தால் பொய் தெரிந்துவிடும் என்று அவருக்கு நன்றாகத் தெரிந்தது. எடுக்காவிட்டால் இனி இந்த மரங்களில் அது கிடைக்கவே கிடைக்காது என்பதும் தெரிந்தது. கை தானாகவே போயிற்று. குவித்த கையில் அதை மூடி, பையிலிருந்த, பூச்சியைச் சாகடிக்கிற மருந்துப் பஞ்சு பாட்டிலுக்குள் விட்டு, மூடியைத் திருகினார். நிமிர்ந்தபோது அம்மாக்கண்ணு கண்ணைத் திறந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மற்ற பெண்கள் பொங்கல் எடுக்கப் போன பிறகு அவள் கிட்டே வந்து பாட்டிலைப் பார்த்தாள். உள்ளே பூச்சி கடைசியாக ஒரு தரம் கையை நீட்டி மடக்கியது.

"இதுக்குத்தான் சுத்தினீங்களா சார்?"

"ஆமாம்."

"இத்தினி நாளும்?"

"ஆமாம்."

"அப்ப வூட்டுக்காரம்மா?"

சார் பாட்டிலைக் கீழே இறக்கினார். "அவங்க போனது நிஜம்தான்" என்றார். "நான் வேண்டினதில்ல."

அம்மாக்கண்ணு மரத்தைப் பார்த்தாள். தானே வழித்துச் சுரண்டி, தானே பூசிய மரம். அவள் திட்டியிருந்தால் சாருக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"எம் பையன் சின்னராசு மைசூர் பக்கம் காப்பித் தோட்டத்துக்குப் போனான் சார். போயி மூணு புளிக்காலம் ஆச்சு. ஒரு தாக்கல், ஒரு கடுதாசி இல்ல. நீங்க சுத்தறதப் பாத்துட்டுத்தான், படிச்சவரே வர்றாரு, நம்ம கொல்லையாண்டயே சாமி இருந்துக்கீதுன்னு, நானும் விடியங்காட்டி சுத்தினு இருந்தேன். உங்க வூட்டுக்காரம்மாவுக்கும் சேத்துத்தான் வேண்டிக்கினேன். கறி தின்றத உட்டுட்டேன்."

சார் வாயைத் திறந்தார். மன்னிப்பு கேட்கத்தான். பாட்டிலைப் பைக்குள் வைத்து மூடத்தான் முடிந்தது.

"பரவால்ல உடுங்க" என்றாள் அவள். "வேண்டினது வேண்டினதுதான். பாதியில உடக்கூடாது." பொங்கலை இலையில் வைத்து அவர் பக்கமாக நகர்த்திவிட்டுப் போனாள். அவர் அதைத் தின்றார்.

மெட்ராஸில் புரொபசர் லென்ஸிலிருந்து முகத்தை எடுக்காமலே சந்தோஷமாக "ம்" என்றார். இலங்கைப் பக்கத்துப் பட்டைப்பூச்சிகளுக்கு நெருங்கின சொந்தம் என்றார். எந்தக் குடும்பம், எந்தக் கிளை என்று சொல்லி, பெட்டியில் அதற்கென்று ஓர் இடம் பார்த்துக் குத்தி வைத்தார். பக்கத்தில் இருந்த சீட்டில், பிடித்தவர் பெயருக்குக் கீழே, வாழிடம் புளியமரப் பட்டை என்று எழுதிக்கொண்டார். சுண்ணாம்பு அடித்த மரம் என்று சார் சொல்லவில்லை.

போளூரில் வந்து இறங்கியபோது பஸ் ஸ்டாண்டில் செங்கம் பஸ் நின்றுகொண்டிருந்தது. சார் அதன் பக்கத்தில் போய் நின்றார். கண்டக்டர் விசில் ஊதும்வரைக்கும் நின்றார். பஸ் போய்விட்டது. வீட்டுக்கு வந்து பூட்டைத் திறந்து, கூடத்தில் நின்று, புரொபசர் சொன்ன பெயரை ஒரு தரம் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தார். கூடம் கேட்டுக்கொண்டது. கிடைக்க வேண்டியது கிடைத்துவிட்டது, அதைச் சொல்ல ஒரு ஆள் இல்லை என்று தெரிந்தபோது, சாந்தம்மாள் போன நாளில்கூட அழாத மனுஷர், சட்டையைக்கூடக் கழற்றாமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து அழுதார்.

அடுத்த ஞாயிறு அவர் மலைக்குப் போனார். பாட்டில் இல்லை, பை இல்லை. வெறும் கையோடு போய், வெள்ளை மரத்தின் முன்னால் கொஞ்சநேரம் நின்றுவிட்டு, சுற்ற ஆரம்பித்தார். மழையில் செம்மண் கோடு கரைந்து சுண்ணாம்பின்மேல் வழிந்திருந்தது. ஓர் எறும்புகூட ஏறவில்லை.

தண்ணீர்க் குடத்தோடு வந்த அம்மாக்கண்ணு தூரத்திலேயே நின்று பார்த்தாள். பிறகு கிட்டே வந்தாள்.

"இன்னிக்கி இன்னா சார் தேடறீங்க? மரத்துலதான் ஒண்ணுமே இல்லியே."

சாரின் கால் பழக்கப்படி மரத்தின் அந்தப் பக்கம் போகக் கிளம்பியது. ஓரடி வைத்துவிட்டு அவர் நின்றார். அவளுக்கு முகம் தெரிகிற மாதிரி இந்தப் பக்கமே நின்றார்.

"பூச்சி தேடல. வேண்டுதல்."

"யாருக்குங்க?"

"எங்க வீட்டுக்காரிக்கு" என்றார். அப்புறம், "உங்க சின்னராசுக்கும் சேத்து" என்றார்.

அம்மாக்கண்ணு அவர் முகத்தையே பார்த்தாள். குடத்தை இறக்கிக் கீழே வைத்தாள். முந்தானையை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"அப்ப இடமா சுத்தாதீங்க சார்" என்றாள். "வலமா வாங்க."

சார் திரும்பி, அவளுக்குப் பின்னால் வலமாக நடந்தார்.